வெள்ளைக் கல்லில் முளைத்தது

2023 நவம்பர் 14 அன்று, விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையின் ஒரு சிறு பட்டறையில், சூளையிலிருந்து இறக்கிய வெள்ளைப் பிள்ளையார் பொம்மைகள் அத்தனையிலும் பழுப்புப் புள்ளிகள் இருந்தன.

"பிள்ளையாருக்கு அம்மை போட்டிருக்குது" என்றார் பீங்கானுக்கு அரைக்கும் வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்து தரும் புரோக்கர் கோவிந்தராசு.

பட்டறை முதலாளி ராஜ்மோகன் சிரிக்கவில்லை. புள்ளி என்றால் கூழில் இரும்பு. கல்லும் களிமண்ணும் அரைத்த கூழைக் காந்தத்தின் மேல் ஓடவிட்டு இரும்பைப் பிடிப்பது ஆராயியின் வேலை.

"காந்தத்தத் தொடச்சியா, போன் பேசிக்கினு வுட்டுட்டியா?"

"தொடச்சேன் சார். கல்லப் பாருங்க. என்னையே பாக்குறீங்க."

"நாளைலேருந்து வர வேணாம்."

ஆராயி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இரவு மழை பெய்தது. காலையில் பட்டறை வாசலில் கொட்டியிருந்த கல் குவியலில் ஒரு கல்லின் மேல் பச்சையாக ஏதோ விரிந்திருந்தது. நேற்று அங்கே சுருண்ட சருகுதான் இருந்தது. ராஜ்மோகன் படம் எடுத்து மனைவி பூர்ணிமாவுக்கு அனுப்பினார். அவர் பெண்ணாடத்தில் தாவரவியல் ஆசிரியை.

"நுனியக் கிட்ட வெச்சு எடுங்க" என்றார் பூர்ணிமா. இரண்டாவது படத்தைப் பார்த்ததும் போன் செய்தார். "பாசி இல்லங்க. எல செதில் செதிலா வரிசையா இருக்குது பாருங்க. செலாஜினெல்லா. நாட்டு மருந்துக் கடையில சஞ்சீவின்னு விக்கிறாங்களே, அந்த சாதி. காய்ஞ்சா சுருண்டுக்கும், தண்ணி பட்டா விரியும். வெட்டவெளிப் பாறை மேலதான் வளரும். உங்க பட்டறைல ஏது பாறை?"

குவாரியின் ஆழத்தில் வெட்டிய, துரு ஏறாத கல் என்று சொல்லித்தான் கோவிந்தராசு விற்றிருந்தார். அவரை வரச்சொல்லிக் காட்டினார் ராஜ்மோகன்.

"அந்த ஆராயியம்மா கடையில வாங்கியாந்து சொருகியிருக்கும் சார். கோவமாதான போச்சு?"

அப்படியும் இருக்கலாம் என்று ராஜ்மோகனுக்குப் பட்டது. சம்மட்டியை எடுத்துக் கல்லைப் பிளந்தார். விரிசலுக்குள் வேர் இழை இழையாக இறங்கியிருந்தது. விரிசல் முழுக்கத் துரு நிறம்; காந்தத்தில் ஒட்டாத இரும்பு. பல வருட மழை ஊறிய மேல்பாறை.

"இந்த வேரையும் அவங்கதான் சொருகுனாங்களா?"

"லோடு ஏத்துறவன் பண்ற வேல சார்" என்றார் கோவிந்தராசு, செல்போனைப் பார்த்தபடி.

மாலையில் அவருடைய லாரி வந்து குவியலை அள்ளிப்போனது. ராஜ்மோகன் ஆராயியைப் போனில் கூப்பிட்டார்.

"அடுத்த தெரு பட்டறையில சேந்துட்டேன் சார். வேல நேரத்துல போன் பேசக் கூடாதாம். வெச்சிர்றேன்."

மறுநாள் காந்தத்தை ராஜ்மோகனே துடைத்தார்.