எஸ்பெனுக்கு விடாத தடம்

பனிச்சறுக்குப் பந்தயங்களிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாள் ஹால்வார் சமையலறைக்குள் நடந்துவர, அவருக்குப் பின்னாலேயே பலகைத் தரையில் இரட்டைக் கோடாகச் சறுக்குத் தடம் விழுந்தது. அது ஜூலை மாதம். அம்மா போர்கில்ட் உருகிய பனியின் ஈரத்தைத் துடைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனார். தடத்தின் மேல் ஆளைக் காணோம்; "தடம் விடுண்ணா!" என்ற குரல் மட்டும் கேட்டது. அது செத்துப்போன தம்பி எஸ்பெனின் குரல் என்று ஊருக்கே தெரியும்.

எங்கள் பள்ளத்தாக்கில், பின்னால் வருகிறவன் தடம் கேட்டால் முன்னால் போகிறவன் ஒதுங்கியாக வேண்டும். குடிகாரன்கூட ஒதுங்குவான். நார்வேயின் தேசியப் பந்தயம் எங்கள் ஊரில் நடந்தபோது, கடைசி இறக்கத்தில் எஸ்பென் கேட்டான், ஹால்வார் ஒதுங்கவில்லை. தம்பி தடத்துக்கு வெளியே பாய்ந்து முந்தப் பார்த்து, ஸ்ப்ரூஸ் மரத்தில் மோதிச் செத்தான். தங்கப் பதக்கம் வாங்கிய அண்ணன் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தார். அதற்கப்புறம் பல வருஷங்கள் அவரை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு பந்தயத்திலும் அந்தக் குரல் துரத்தியது எங்களுக்குத் தெரியாது.

ஓய்வுபெற்றதும் குரல் வீட்டோடு வந்துவிட்டது. கடைக்குப் போனால் கடைக்குள் தடம். தேவாலயத்துக்குப் போனால் பீடம்வரை தடம். பாதிரியார் தடத்துக்கு வழிவிட்டுப் பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டார். கடைக்காரர் ஆர்ன்ஃபின்தான் பொறுக்கமாட்டாமல், "செத்தவன்கிட்டயும் ஜெயிக்கணுமாய்யா உனக்கு? ஒதுங்கித் தொலையேன்!" என்று கத்தினார். ஹால்வார் மீன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திமிர் பிடித்தவன் என்றோம். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

அம்மாவிடம் மட்டும் அவர் சொன்னார்: "விலகினா போயிடுவான்மா. அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

"உன்னையே நெனைக்கிறியே! இத்தன வருஷமா அவன் உன் முதுகையே பாத்துக்கிட்டு வர்றான்டா. குரலைக் கேளு, புள்ளைக்கு மூச்சு வாங்குது."

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்கில்ட், மகன்களின் பந்தயங்களுக்குச் செய்வதுபோலவே, சூடான பெர்ரிச் சாற்றுக் குவளையோடு பழைய முடிவுக்கோட்டில் போய் நின்றார். ஹால்வார் இறக்கத்தின் உச்சியிலிருந்து நடந்து வந்தார். குரல் கேட்டது. அழுதுகொண்டே இடுப்பளவுப் பனிக்குள் இறங்கி ஒதுங்கினார். தடம் அவரைத் தாண்டியது, ஸ்ப்ரூஸ் மரத்தைத் தாண்டியது, அம்மாவின் காலடியில் வந்து நின்றது. குவளை காலியானது. அம்மா அதைப் பனியில் அலம்பிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தக் குரல் கேட்பதில்லை; தன் தடத்தையும் தம்பிக்கே விட்டுக்கொடுத்தவர்போல, புதுப்பனியில் நடந்தாலும் ஹால்வாருக்குக் காலடித் தடம் விழுவதில்லை. அவரைத் தேடுகிறவர்கள் தடம் பார்த்துப் போக முடியாமல் வீட்டில் அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.