சூடு இறங்காத தொட்டி

புயல் அமெரிக்காவின் லூசியானாவைத் தாண்டிப் போனபோது ஆற்றங்கரை ஆலையின் கரண்ட்டையும் கொண்டுபோய்விட்டது. ஸ்டைரீன் தொட்டியின் குளிர்விப்பான் படுத்துக்கொண்டது. மறுநாள் ஜெனரேட்டர் வந்து அது ஓடத் தொடங்கியதும் எல்லோரும் அப்பாடா என்றார்கள். ஆலையின் வேதியியலாளர் ஏர்லீன் கிட்ரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. குளிர்விப்பான் ஓடியும் சூடு ஏறிக்கொண்டிருந்தது.

ஸ்டைரீன் தண்ணீர் மாதிரி இருக்கும். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியானால்தான் தெர்மோகோல் கிடைக்கும். கோக்கும்போது சூடு பிறக்கும்; சூட்டில் இன்னும் வேகமாகக் கோக்கும். விட்டால் தொட்டியே வெடிக்கும். அதனால் கோக்கவிடாமல் தடுக்க ஒரு மருந்தைக் கொஞ்சம் கலந்து வைப்பார்கள்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அல்சீட் ரோபிஷோ ஒரு குப்பியில் மாதிரி பிடித்து வந்தார். ஏர்லீன் அதை மெத்தனாலில் விட்டாள்; சங்கிலி இருந்தால் அதில் கலங்கும். பாலாகக் கலங்கியது.

"சங்கிலி பிடிக்க ஆரம்பிச்சிடுச்சுண்ணே."

"மருந்து தீந்துபோச்சா தாயி?"

அவள் சோதித்துப் பார்த்தாள். "பாதிக்கு மேல இருக்கே! ஆமா, நைட்ரஜன் எப்பலேருந்து விடுறீங்க?"

"புயலுக்கு முந்தியே. தீப்பிடிக்கக் கூடாதுன்னு நல்லாத் தொறந்துவிட்டேன்."

"அதான் விஷயம். நைட்ரஜன் ஆக்சிஜனை வெளிய தள்ளிடுச்சு. ஆக்சிஜன் கொஞ்சமாவது இல்லேன்னா அந்த மருந்து வேலை செய்யாது."

அல்சீட் தொப்பியைக் கழற்றிவிட்டார். "அட கடவுளே, நானே அதோட மூக்கைப் பொத்திட்டேனா?"

"நானும் தான் பாக்காம விட்டேன். அழுறதை அப்புறம் வச்சுக்கலாம், வாங்க."

வெறும் காற்றை விட்டால் ஆவி பற்றிக்கொள்ளும். நைட்ரஜனோடு சிறிது காற்றைக் கலந்து அடியிலிருந்து குமிழிட விட்டார்கள். புது மருந்தையும் சேர்த்து, பம்பைப் போட்டுச் சுற்றவிட்டார்கள்.

ஊரைக் காலி செய்யச் சொல்லி ஏர்லீன் தகவல் அனுப்பியதும் மேலாளர் வெண்டல் ஓடி வந்தார். "ஊரைக் கிளப்பணுமா? கூரை போன சனங்க ஏர்லீன், இப்பத்தான் வீடு திரும்பியிருக்காங்க. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே?"

ஆலை வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடும். கணவன் டில்மன் அந்நேரம் கூரைமேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருப்பான்.

"வெடிச்சப்புறம் யாரைக் கிளப்புவீங்க? திட்டு வாங்குறதுன்னா நான் வாங்கிக்கிறேன். போனை எடுங்க."

வெண்டல் எடுத்தார். சற்று நேரத்தில் சாலையில் கார்கள் வரிசை கட்டின.

தொட்டிமேல் தீயணைப்புக் குழாய்கள் தண்ணீர் பீய்ச்சின. கட்டுப்பாட்டு அறைத் திரையில் தொட்டியின் சூட்டைக் காட்டும் எண்ணை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். எண் ஏறியது. மறுபடி ஏறியது. ஏறுவது மெதுவானது. பிறகு அப்படியே நின்றது.

"கருவி கெட்டுப்போச்சோ?" என்றார் அல்சீட்.

"வாயைக் கழுவுங்கண்ணே."

வெயில் சாயத் தொடங்கியபோது எண் ஒன்று குறைந்தது, பின் இன்னொன்று. குறைந்துகொண்டே போனது. புதிதாக எடுத்த மாதிரியும் முன்னைவிட அதிகம் கலங்கவில்லை. அல்சீட் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். வருவது அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. வெண்டல் ஏர்லீனின் தோளைத் தட்டிவிட்டு, ஊர்க்காரர்களைத் திரும்ப அழைக்கப் போனார்.

ஏர்லீன் டில்மனுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கே?"

"பள்ளிக்கூட வாசல்ல. கம்போக் குழம்புப் பானையை மடியில வச்சிக்கிட்டு ஓட்டினேன், பேன்ட்டெல்லாம் குழம்பு. என்னடி ஆச்சு அங்க?"

"ஒண்ணும் ஆகல, டில்மன்" என்றாள். அதைச் சொல்வது அவ்வளவு சுகமாக இருந்ததால் இன்னொரு தரம் சொன்னாள். "ஒண்ணுமே ஆகல."