மருந்து மட்டும்

பெரிய டாக்டர் வீட்டிலிருந்து போன் என்றதும் அவள் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். எண்பது வயதுக்காரர் வீட்டிலிருந்து காலையில் வரும் போன் நல்ல சேதி சொல்வது அபூர்வம். ஆனால் பேசியது அவரேதான், அதே தொண்டைக் கனைப்போடு.

"நம்ம பேச்சு சிகிச்சை ஆராய்ச்சி ஃபாரமெல்லாம் இன்னும் எங்கிட்டதான் கெடக்கு. வெச்சிருக்க வேண்டிய கெடு எப்பவோ முடிஞ்சு போச்சு. நோயாளிங்க சமாச்சாரம், அடுத்தவங்க கைக்குப் போகக் கூடாது. கிழிச்சுப் போட்டாகணும். தனியா உக்காந்து கிழிக்க மனசு வரல. வர்றீங்களா?"

"இதுக்குப் போய்க் கேக்கணுமா டாக்டர்?" என்றாள். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் போய் நின்றுவிட்டாள்.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒன்பது அட்டைப்பெட்டிகள். மேஜை மேல் மருமகள் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த காகிதம் கிழிக்கும் மெஷின். ஒரு தடவைக்கு ஐந்து தாள்தான் தின்னும். கால் மணி நேரம் ஓடினால் சூடாகி நின்றுவிடும். "என்ன மாதிரியேதான்" என்றார் டாக்டர்.

முதல் பெட்டியைத் திறந்ததும் பழைய காகித வாசனை மூக்கில் ஏறியது. எல்லாம் அவள் கையெழுத்து. முப்பது வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து, வரிக்கு வரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது.

அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. மனநல ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவில் வேலை. காதில் குரல் கேட்பவர்கள், ஊரே தனக்கு எதிராகச் சதி செய்கிறது என்று நம்புகிறவர்கள், இப்படி வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிட்டு வந்த எழுபத்திரண்டு பேரைப் பெரிய டாக்டர் ஆராய்ச்சிக்குச் சேர்த்திருந்தார். இவர்களோடு உட்கார்ந்து பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்கு என்பதுதான் அன்றைக்குப் பல டாக்டர்களின் எண்ணம். அது சரியா தப்பா என்று அளந்து பார்த்துவிடலாம் என்றார் அவர்.

எல்லோருக்கும் மருந்து உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் வாரம் ஒரு மணி நேரம் பேச்சு சிகிச்சையும் உண்டு. யாருக்கு எது என்பதை ஒட்டிய உறைக்குள் இருக்கும் சீட்டு முடிவு செய்யும். ஒரு சீட்டில் 'மருந்தும் பேச்சும்'. இன்னொன்றில் 'மருந்து மட்டும்'.

அவள் வேலை அளப்பது. மாதம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் இருபத்தொரு கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மார்க் போட வேண்டும். நோய் அதிகமானால் மார்க்கும் அதிகம். யாருக்கு எந்தச் சீட்டு என்று அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும். ஆறுதல் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. "ம்" சொல்லலாம். "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" சொல்லலாம்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. ஒரு கால் குட்டையான மேஜை, அதற்கு மடித்து வைத்த அட்டை. ஜன்னலுக்கு வெளியே மருந்து வாங்க நிற்கும் வரிசை. நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் கேள்வியம்மா. வீட்டில்கூட அவள் ஏதாவது கேட்டால் கணவர், "ஒண்ணுலேர்ந்து ஏழுக்குள்ள சொல்லணுமா?" என்பார்.

முப்பத்தொன்றாம் எண்காரர் பஸ் கண்டக்டர். நாற்பது வயது. ஒருநாள் பயணிகள் எல்லோரும் தன்னைப் பற்றியே கிசுகிசுக்கிறார்கள் என்று தோன்ற, நடுவழியில் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தி, பையை இருக்கையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனவர். அதற்குப் பிறகு ஆறு வருஷம் வேலையும் இல்லை, பேச்சும் இல்லை. அவருடைய அக்காதான் கையைப் பிடித்துக் கூட்டிவருவார்.

முதல் மாதம் இருபத்தொரு கேள்விக்கும் சேர்த்து அவர் வாயிலிருந்து விழுந்தது பத்து வார்த்தை இருக்கும். மூன்றாம் மாதம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஐந்தாம் மாதம் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். எட்டாம் மாதம் உட்காரும்போதே, "மேடம், இந்தத் தடவை பதினாலாவது கேள்விக்கு நல்ல பதில் வெச்சிருக்கேன்" என்றார்.

பதினான்காவது கேள்வி குரல்களைப் பற்றியது. முறை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டிக்கெட் எடுக்காதவன் மாதிரி ஆயிடுச்சு மேடம் அந்தக் குரலெல்லாம். கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சுக்குது. 'யாருப்பா அது'ன்னு ஒரு சத்தம் குடுத்தா அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுது."

சிரிக்கக் கூடாது என்று விதியில் எழுதியிருக்கவில்லை. சிரித்துவிட்டாள்.

மார்க் மாதாமாதம் இறங்கியது. இவருக்கு 'மருந்தும் பேச்சும்'தான் விழுந்திருக்கும், பேச்சு சிகிச்சை இவ்வளவு வேலை செய்கிறதே என்று அவள் மனதுக்குள் பூரித்துப் போனாள். பதினான்காம் மாதம்தான் அந்தப் பூரிப்பில் மண் விழுந்தது. எழுந்து போகிறபோது கதவருகே நின்று அவர் சொன்னார்:

"எனக்கு மருந்து மட்டும்னுதான் சீட்டு விழுந்துச்சு மேடம். அக்காவுக்கு ஒரே வருத்தம். நான்தான் சொன்னேன், மாசத்துக்கு ஒரு நாள் முக்கா மணி நேரம் ஒருத்தங்க எங்கிட்ட கேட்டுக் கேட்டு எழுதிக்கறாங்க, அது போதும்னு. இருபத்தொம்போது நாளும், இத அவங்ககிட்ட சொல்லணும், அத அவங்ககிட்ட சொல்லணும்னு சேர்த்து வெச்சுக்கிட்டே இருப்பேன்."

விதி தெளிவானது. சீட்டு தெரிந்துவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த நோயாளியை வேறொருவர் அளப்பார். சொன்னால் அவருக்கு அந்த முக்கால் மணி நேரம் போய்விடும். சொல்லாவிட்டால் ஆராய்ச்சி கெட்டுவிடும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒரு மாதம் ஓட்டினாள். அடுத்த முறையும் அவளே கேள்வி கேட்டாள், அவளே மார்க் போட்டாள். பேனா ஒவ்வொரு எண்ணுக்கு மேலும் தயங்கியது.

கடைசியில் கணவரிடம் கொட்டினாள். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "அவருக்காக மறைக்கிறியா, உனக்காகவா?" என்றார்.

மறுநாள் காலையில் நேரே டாக்டர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள், மறைத்த ஒரு மாதத்தையும் சேர்த்து. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். முகம் சிவந்திருந்தது. "சரி, போங்க" என்று மட்டும் சொன்னார்.

முப்பத்தொன்றாம் எண்ணை வேறு பிரிவிலிருந்து வந்த ஓர் அம்மாள் ஏற்றுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து மருந்து வரிசையில் அக்காவைப் பார்த்தவள் பதறிப்போய் விசாரித்தாள்.

"தம்பியா? நல்லாத்தான் இருக்கான். புது மேடம் இன்னும் நிதானமா கேக்கறாங்களாம்."

சந்தோஷம்தான். ஆனாலும் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவரைத் தேற்றியது தானில்லை, யாராவது ஒருவர் உட்கார்ந்து கேட்பதுதான் என்று புரிய ஒரு வாரம் ஆனது.

பதினெட்டு மாதம் முடிந்து கணக்கு வந்தது. பேச்சு கிடைத்தவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள், ஆனால் டாக்டர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மருந்து மட்டும் எடுத்தவர்களும் நன்றாகவே தேறியிருந்தார்கள். மாதாமாதம் வந்து கேள்வி கேட்டதே ஒரு சிகிச்சையாகியிருக்கலாம் என்று டாக்டர் கட்டுரையில் ஒரு பத்தி எழுதினார். கூட வேலை செய்தவர்கள் அதை எடுத்துவிடச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

அதோடு, 'மருந்து மட்டும்' சீட்டு விழுந்தவர்கள் எல்லோருக்கும் பேச்சு சிகிச்சை தர ஏற்பாடு செய்தார். கண்டக்டரும் போனார். "எப்படி இருக்கு?" என்று இவள் கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பேச்சுக்காரர் வீட்டுப்பாடமெல்லாம் குடுக்கறார் மேடம், இந்த வயசுல" என்றார். அடுத்த வருஷம் பஸ் டிப்போவில் விசாரணை ஜன்னலுக்கு அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

இப்போது டாக்டர் பெட்டியிலிருந்து முப்பத்தொன்றாம் எண்காரரின் காகிதக் கட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் மூஞ்சி சிவந்தது உங்க மேல கோபத்துல இல்ல" என்றார்.

"அப்புறம்?"

"ஆறு வருஷம் அவரைப் பார்த்தது நான்தானே. மாசம் அஞ்சு நிமிஷம். 'தூக்கம் வருதா'ன்னு கேப்பேன், பதில் வர்றதுக்குள்ள மருந்துச் சீட்டு எழுதி முடிச்சிருப்பேன். அந்த டிக்கெட் ஜோக்க உங்க ஃபாரத்துலதான் படிச்சேன். இந்த மனுஷன் ஜோக் சொல்லுவார்னே எனக்குத் தெரியாது." கட்டை மேஜை மேல் வைத்தார். "அதுக்கப்புறம்தான் பேனாவ மூடி வெச்சுட்டு நோயாளிங்க மூஞ்சியப் பார்க்கப் பழகினேன். அம்பது வயசுல."

"ம்" என்றாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க டாக்டர்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்பது பெட்டியை ஒரே நாளில் முடித்திருக்கலாம். நான்கு நாள் ஆனது. ஒவ்வொரு கட்டையும் எடுத்து, இவர் யார், அப்புறம் என்ன ஆனார் என்று தெரிந்தவரை பேசி முடித்த பிறகே மெஷினில் விட்டார்கள்.