இடது பக்கத்து இரைச்சல்

கறார் என்ற பெயரை அவனுக்கு வைத்ததே பார்வையாளர்கள்தான். போன், இயர்போன், கேமரா, எது சந்தைக்கு வந்தாலும் சொந்தக் காசில் வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மூஞ்சியில் அடித்த மாதிரி குறையைச் சொல்லிவிடுவான். அவன் தங்கையைக் கட்டியவனுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் சம்பள வேலை; மீதி நேரத்தில் அவனுக்கும் இதே தொழில்தான், ஆனால் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற ரகம். அதனால் அவன் பெயர் தேன். இருவரும் ஒரே அறையில் தொடங்கிய சேனல் இந்தக் குணத்தால்தான் இரண்டாக உடைந்தது.

"குறையைச் சொல்லு மச்சான், ஆளைக் கடிக்காதே" என்பான் தேன்.

"நீ பண்றது விமர்சனமா மாப்ள? தாலாட்டு!" என்பான் இவன்.

இதையே வீடியோவிலும் மாற்றி மாற்றிப் பேச, ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். ஊருக்குக் கொண்டாட்டம், தங்கைக்குத் திண்டாட்டம்.

அப்போதுதான் அந்த இயர்போன் வந்தது. "பாட்டு நின்னதும் அப்படியே நிசப்தம், துளி இரைச்சல் இல்ல" என்றான் தேன். கறார் கடையில் வாங்கி மாட்டினான். பாட்டு நின்றதும் இடது பக்கம் மெல்லிசாக உஸ்ஸென்று ஓர் இரைச்சல். வேறு கடையில் இன்னொன்று வாங்கினான். அதிலும் அதே பக்கம், அதே உஸ்.

முன்பெல்லாம் வீடியோ போடுமுன் ஒருவருக்கொருவர் போன் செய்து, "உனக்கும் இப்படித்தான் கேக்குதா?" என்று சரிபார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு போனைச் செய்திருக்கலாம், பாவி! செய்யவில்லை. "இவர் இதைக் காதுல மாட்டவே இல்ல. கம்பெனிகிட்ட கை நீட்டிட்டு வாயில வந்ததைப் பேசுறார்" என்று கேமரா முன் போட்டு உடைத்தான். நரம்பில்லாத நாக்கு எதைத்தான் பேசாது? பொழுது சாய்வதற்குள் தேனின் பெயர் நாறிப்போனது.

தேன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று கறார் சிரித்துக்கொண்டான். பிறகு ஒருநாள் தங்கை வந்தாள். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணா, அவர் மாட்டித்தான் பார்த்தார். கேட்டதைத்தான் சொன்னார். உன் வீடியோவைப் பார்த்துட்டு மறுபடி மாட்டினார், ஒண்ணும் கேக்கல. என் காதுல வச்சார், எனக்குக் கேட்டுச்சு. அப்புறம்தான் டாக்டர்கிட்ட போனோம். இடது காது போயிட்டிருக்காம். நீ சொல்லித்தான் அவருக்கே தெரிஞ்சுது."

கறார் எழுந்து நின்றான். "எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேக்குறேன்மா."

"சொல்லு. சொல்லிட்டு எங்க சோத்துல மண்ணள்ளிப் போடு. அவர் வேலை பாக்கறது ஒலிப்பதிவுக் கூடத்துல. காது போச்சுன்னா வச்சிருப்பாங்களா? அதான் திருடன்னு பேர் வாங்கினாலும் பரவாயில்லன்னு வாயை மூடிட்டு உக்காந்திருக்கார்."

அவள் போனதும் கறார் கேமராவைப் போட்டான். "இரைச்சல்னு எதுவும் இல்ல. பொறாமையில நானே கட்டிவிட்ட கதை. அவர் சொன்னதுதான் நிஜம்" என்றான். கேமரா முன் அவன் சொன்ன முதல் பொய் அது. காறித் துப்பினார்கள். துப்பட்டும், மாப்பிள்ளை பிழைத்தானே என்று இருந்தது அவனுக்கு.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. கறாரே சொல்லிவிட்டான் என்று ஜனங்கள் அந்த இயர்போனை அள்ளினார்கள். தேன் போன் செய்தான்.

"என்ன மச்சான் காரியம் பண்ணிட்ட? மோசமான பொருள்னு தெரிஞ்சும் வாங்க வைக்கிறோமே."

"வாங்கினா வாங்கட்டும் மாப்ள. நமக்கென்ன?"

"நமக்கென்னவா? நீயா பேசுற?" என்றான் தேன். "காசு வாங்கினவன்னு ஊர் சொன்னா தாங்கிப்பேன். என் பேச்சை நம்பி ஒருத்தன் ஏமாந்தா எப்படி மச்சான் தாங்குறது?"

"வேண்டாம்டா, உன் கால்ல விழறேன்" என்று கதறினான் கறார். கேட்கிற ஆளா அவன்? கேமராவைப் போட்டு, வெறும் சுவர் முன் உட்கார்ந்து தேன் பேசிவிட்டான். "என் இடது காது சரியா கேக்காது. மச்சான் முதல்ல சொன்ன இரைச்சல் உண்மை. என் வேலையைக் காப்பாத்தத்தான் அவர் பொய் சொன்னார். இதை வாங்காதீங்க."

உலகமே தேனைக் கொண்டாடியது. ஒலிப்பதிவுக் கூடம் மட்டும் அவனைக் கூப்பிட்டு, பக்குவமாகப் பேசி, வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

விஷயம் தெரிந்து கறார் தங்கைக்குப் போன் செய்தான். "நான் இருக்கேன்மா. நாளைக்கே கிளம்பி வர்றேன்."

"வேண்டாம்ண்ணா. நீ உண்மை சொன்னே, அவர் பேர் போச்சு. பொய் சொன்னே, வேலையும் போச்சு. இனிமே எங்களுக்கு ஒண்ணும் செய்யாதே, புண்ணியமாப் போகும்."

அவள் போனை வைப்பதற்குள், உள்ளேயிருந்து தேனின் குரல் கேட்டது. "போன்ல யாரு?"

"யாருமில்ல" என்றாள் தங்கை.

தேனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. "யாரு?" என்றான் மறுபடி.

"யாருமில்லங்க!" என்று உரக்கச் சொன்னாள்.