காகிதப்பூவுக்குக் கவாத்து

பூத்து ஓய்ந்த கையோடு காகிதப்பூக் கொடிக்குக் கவாத்து செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது வீட்டுக்கே சொந்தம் கொண்டாடும். போன வருஷம் முதுகுவலி என்று விட்டுவைத்ததில், கொடி சுவரெல்லாம் படர்ந்து கூரை விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆள் வைத்து வெட்டலாமே என்று அவள் சொன்னதற்கு அவள் புருஷன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! தறி மில்லில் மெக்கானிக்காக இருந்த மனுஷனுக்கு ஒரு கொடியை வெட்ட ஆள் வேண்டுமாம்!

அந்த மில் இரைச்சல் அவர் காதை எப்போதோ தின்றுவிட்டது. காதில் மாட்டுகிற மெஷின் ஒன்று உண்டு. கிளை பட்டு விழுந்துவிடும் என்று அதைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் இரும்பு ஏணியில் ஏறினார். இனி பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

"கரண்டை நினைச்சுப் பயப்படாதே, மெயினை ஆஃப் பண்ணிட்டேன், பயந்தாங்கொள்ளி! நீ கீழ வேலையைப் பாரு."

அவர்கள் வேலைக்குப் பேச்சே தேவையில்லை. மேலே எல்லாம் பின்னிக் கிடப்பதால் எந்தத் தண்டு எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது. அவள்தான் அடியில் நின்று, கிழடு தட்டிய தண்டாகப் பார்த்துப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவாள். மேலே எது அசைகிறதோ அதை அவர் வெட்டுவார். அவள் இழுத்துக் குவியலில் போடுவாள். கொடி நட்ட நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

குவியல் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. முள்ளுக்காகப் போட்ட தடித்த கையுறைக்குள் அவள் கை வியர்த்தது. சுவரோரமாக இன்னொரு தண்டு, சருகும் தூசியும் அப்பிக் கருத்துக் கிடந்தது. பிடித்து உலுக்கினாள்.

"ஆங், தெரியுது, தெரியுது!" என்றார் மேலிருந்து.

அடுத்த தண்டைத் தேடி நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். இப்போது உலுக்கிய தண்டு மண்ணுக்குப் போகவில்லை. வளைந்து, நேராக மீட்டர் பெட்டிக்குள் போயிற்று. பெட்டிக்குள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மெயினை அணைத்தால் வீட்டுக்குள்தான் கரண்ட் இருக்காது. கம்பத்திலிருந்து மீட்டருக்கு வருகிற ஒயரில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஒயர் கொடிக்கு அந்தப் பக்கம் சுவரோடு சுவராகப் போகிறது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். பாழாய்ப்போன கொடி ஆணியோடு பிடுங்கித் தன் தண்டுகளோடு சேர்த்துக்கொண்டிருக்கிறது!

"ஐயோ, வேண்டாங்க! வெட்டாதீங்க! கரண்டு!"

தொண்டை கிழியக் கத்தினாள். யாருக்குக் கேட்கிறது? இலைகளுக்கு நடுவே அவர் செருப்பும், வாய் பிளந்த கத்தரியும் மட்டும் தெரிந்தன. ஒயரைப் பிடித்து இழுக்கக் கை போயிற்று. சட்டென்று பின்னுக்கு வாங்கினாள். இழுத்தால் அதுவும் உலுக்கல்தானே! இதையே வெட்டு என்று இன்னொரு தடவை சொன்னதாக ஆகிவிடும். அவர் காலைப் பிடிக்கலாம் என்றால் கை எட்டவில்லை. மெஷினை எடுத்து வந்து மாட்டவா முடியும்?

"அடேங்கப்பா, என்ன கெட்டியா இருக்கு! இரு, ஒரே போடு!" என்று கத்தரியை இரண்டு கையாலும் இறுக்கினார்.

கடவுளே, என்னை மன்னிச்சிடு.

ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் ஓர் இழு இழுத்தாள். ஏணி சுவரைக் கீறிக்கொண்டு சரிந்தது. கட்டின புருஷன் முள் குவியலில் மல்லாக்க விழுந்தார். கத்தரி எங்கோ போய் விழுந்தது.

சத்தமே இல்லை. கொன்னுட்டேனா? பாவி, நானே கொன்னுட்டேனா? அவள் குவியலிடம் ஓடினாள்.

"அடிப் பாவி!" என்று முனகல் வந்தது. அப்புறம் மில்லில் கற்ற வசவெல்லாம் வரிசையாக வந்தது. "பைத்தியமா உனக்கு? என் கை போச்சு! ஏணியைப் பிடிச்சு இழுக்கிறியே, நீயெல்லாம் பொம்பளையா?"

திட்டு, நல்லாத் திட்டு என்று அவள் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே மேலே கையைக் காட்டினாள்.

ஏணி கிழித்துவிட்டுப் போன இடைவெளியில் ஒயர் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதன் கருப்புத் தோலில் கத்தரி கடித்த வெட்டு. இன்னும் ஒரு நூல் இறங்கியிருந்தால் உள்ளே செம்பைத் தொட்டிருக்கும்.

அவர் வசவு பாதியில் நின்றது. ஒயரைப் பார்த்தார், அது இறங்கி வரும் வழியெல்லாம் பார்த்தார், மீட்டர் பெட்டியைப் பார்த்தார். கடைசியில் அவள் கையுறையைப் பார்த்தார். உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டார்.

"நீதானே உலுக்கின?"

அவள் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டாள்.

"நீ உலுக்கினா அது எதுன்னு நான் பார்க்கமாட்டேனே. வெட்டிடுவேனே."

அவள் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.