கடைசி வரிசை நாற்காலி

என் நாத்தனாருக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்பைக் கூட்டி வைத்தது யார் என்றுதான் முதலில் கேட்பாள். ஆனால் அந்தக் குணம்தான் அவளை மீனவர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கியது. பல வருடம் மல்லுக்கு நின்று, பல நாடுகள் கூடும் கடல் மன்றத்தில் சங்கத்துக்கு ஒரு பார்வையாளர் நாற்காலியும் வாங்கித் தந்தது. அதனால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

பார்வையாளர் நாற்காலி என்றால் கடைசி வரிசை. நாடுகள் எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு, தலைவர் மனம் வைத்தால் பேசலாம். 'மூடிய அமர்வு' என்று அவர் அறிவித்துவிட்டால் மொழிபெயர்ப்பைக் கேட்கும் காதுக் கருவியை வாசலில் ஒப்படைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, சாப்பிடும் நேரத்தில் வாசலில் நிற்கச் சொல்வது போல. உள்ளே பேசியதை ஒரு பார்வையாளர் எப்படியாவது கேட்டார் என்று தெரிந்தால், அந்தச் சங்கத்தின் நாற்காலி பறிபோகும்.

நான் அதே மண்டபத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவள். எந்த நாட்டுக்காரர் பேசினாலும் எங்கள் மொழியில் கேட்பவர்களுக்கு என் குரல்தான் போகும். 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்பதெல்லாம் எங்கள் தொழிலில் கிடையாது. பேசுபவராகவே பேச வேண்டும். கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இந்த வருடம் ஒரு தீர்மானம் வந்தது. பெரிய கப்பல்கள் கரையோரம் வரை வந்து மீன் பிடிக்கலாமாம். ஒரே ஒரு நாடு எதிர்த்தாலும் அது விழுந்துவிடும். எங்கள் நாட்டுப் பிரதிநிதி எதிர்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். நிறைவேறினால் என் வீட்டுக்காரர் தன் சின்னப் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

அன்று காலை கேன்டீனில் நாத்தனார் தேநீரைத் தொடவே இல்லை.

"அந்தப் பிரதிநிதி சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறாரு அண்ணி. எனக்கு நம்பிக்கையே வரல."

"சிரிக்கிறது ஒரு குத்தமா?"

"மடியில கனம் இல்லன்னா எதுக்குக் கதவை மூடுறாங்க? நேத்து உள்ள என்ன பேசினாங்க? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"சொல்லக் கூடாதுன்னு உனக்கே தெரியும்ல?"

"எங்க அண்ணன் படகை விட உங்க கையெழுத்து பெரிசாப் போச்சா?"

சுருக்கென்றது. அந்தச் சிரிக்கிற மனிதரோடு என்னையும் சேர்த்துவிட்டாள். ஆத்திரத்தில் என் தேநீரையும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மதியத்துக்கு முன் தலைவர் மறுபடியும் மூடிய அமர்வு என்றார். நாத்தனார் கருவியை ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியே போனாள். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் அன்று வரவில்லை. அவருடைய கருவி இவள் கைப்பையில் இருந்தது. தாழ்வாரத்தில் ஒரு தூண் மறைவில் நின்று அதைக் காதில் மாட்டிக்கொண்டாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

உள்ளே ஒரே காரசாரம். ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் தொடங்கினார். எனக்கு நாக்கு வறண்டது. அதற்கு நடுவே ஒரு பிரதிநிதி, "எங்கள் நாடு இதை எதிர்க்காது" என்றார். நானும் சொன்னேன். சொன்னவர் யார் என்று உங்களிடமும் சொல்ல மாட்டேன்.

கதவு திறந்தது. திரும்பி வந்த நாத்தனார் யாரையும் பார்க்காமல் என் கூண்டையே முறைத்தாள்.

"தீர்மானத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார் தலைவர்.

பேச விரும்புபவர்கள் தங்கள் நாட்டுப் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைக்க வேண்டும். எங்கள் பிரதிநிதியின் கை பலகையை நோக்கி நகர்ந்தது. அதற்குள் நாத்தனார் மைக்கை அமுக்கிவிட்டாள்.

"அந்த ஆள நம்பாதீங்க! உள்ள விலை போயிட்டு வந்திருக்காரு. 'எங்கள் நாடு இதை எதிர்க்காது'ன்னு சொன்னதை என் காதாலயே கேட்டேன்!"

அவள் பேச்சை மற்றவர்களுக்கு மாற்றிச் சொல்ல வேண்டியவளும் நான்தான். அந்தக் கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடலாமா என்று தவித்தேன். விழுங்கினால், நானும் அந்தப் பிரதிநிதியின் பக்கம்தான் என்று காலையில் அவள் நினைத்தது உண்மையாகிவிடும். "என் காதாலேயே கேட்டேன்" என்றேன். அவள் நாற்காலி என் வாயால்தான் போனது.

"மூடிய அமர்வில் பேசியது உங்களுக்கு எப்படிக் கேட்டது?" என்றார் தலைவர், நிதானமாக. அதையும் நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். காவலர் அதிலிருந்து கருவியை எடுத்துக்கொண்டு அவளை வெளியே அழைத்துப் போனார். கதவு சாத்திய பிறகு எங்கள் பிரதிநிதி பலகையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எங்கள் நாடு எதிர்க்கிறது."

தீர்மானம் விழுந்தது. நாத்தனாருக்கு அது கேட்டிருக்காது.

அமர்வு முடிந்ததும் ஓடினேன். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"விழுந்துடுச்சு. அவருதான் எதிர்த்தாரு" என்றேன்.

"அப்ப உள்ள அப்படிச் சொன்னது யாரு? உங்க குரல்தானே அண்ணி?"

"அங்க யாரு பேசினாலும் என் குரல்தான்டி. இத்தனை வருஷமா வந்துட்டு இது தெரியாதா?"

தெரியும். கோபத்தில் மறந்துபோனாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அடுத்த வருஷமும் இதையே கொண்டு வருவாங்கல்ல?"

"வருவாங்க."

"அப்ப நம்ம பக்கம் உள்ள யாரு இருப்பா?"

"நான் இருப்பேன்ல" என்றேன், அவள் தோளைத் தொட்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் கேன்டீனில் பார்த்த அதே பார்வை.

"நீங்க இருந்து என்ன அண்ணி? எங்ககிட்ட சொல்லவா போறீங்க?"