தம்பானூரைத் தாண்டி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெண்கலச் சிலை, சிலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கண்ணாடி, அதற்கும் அப்பால் என் மகள் பகவதி, அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்க்கிறாள், இந்தக் கையை, பிறகு அந்தக் கையை, மறுபடியும் இந்தக் கையை, என் முகமோ கண்ணாடியில் அவள் முகத்தின் மேலேயே விழுந்து கிடக்கிறது, என் மீசை இருக்கிற இடத்தில் அவள் வாய், பின்னால் நிற்கிறவனை ஒரு கையால் தன் முதுகுக்குப் பின்னே தள்ளுகிறாள், அவன் அவளைவிட ஒரு முழம் உயரம், அந்த ஒல்லி முதுகு அவனில் எவ்வளவை மறைத்துவிடும், ஆனாலும் தள்ளுகிறாள். இது நடந்ததுதான். ஆனால் தூக்கத்தில் இத்தனை தடவை பார்த்தபிறகு, நடந்தது எவ்வளவு, தூக்கம் தன் பங்குக்குச் சேர்த்தது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அது நடந்த ஊருக்கு நான் பஸ் ஓட்டிக்கொண்டு போகாத நாள் கிடையாது, நாகர்கோவிலில் வண்டியை எடுத்தால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டினால் கேரளம், பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கடைசியில் தம்பானூர் பஸ் நிலையம், இறங்கி ஒரு கட்டன் சாயா, திரும்ப வண்டி. திருவனந்தபுரம் எனக்குத் தம்பானூரோடு முடிந்துபோன ஊர். ஒரு மாநிலத்துக்கே தலைநகரம், ஆனாலும் கைக்கடக்கமான ஊர், எங்கே பார்த்தாலும் பச்சை, மியூசியம் இருக்கிறது, பூங்கா இருக்கிறது, மிருகக்காட்சிசாலை இருக்கிறது என்று பேசிக்கொண்டே ஜனங்கள் இறங்கிப் போவார்கள், சாயங்காலம் பிள்ளைகளின் கையில் பலூனோடு திரும்பி ஏறுவார்கள், அவர்களைக் கொண்டுவிட்டவன் நான், பார்த்தவன் நான் இல்லை. பகவதி பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த வயதில், அப்பா நீங்க தெனமும் போறிய, என்னயும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்க, மியூசியம் பாக்கணும் என்பாள், அடுத்த மாசம் மக்ளே என்பேன், டிரைவர் உத்தியோகத்தில் அடுத்த மாசம் என்பது எந்தக் காலத்திலும் வராத மாசம், அவளுக்கும் அது புரிந்து கேட்பதை விட்டுவிட்டாள், கடைசியில் தானாகவே ஒரு நாள் பார்க்கப் போய்விட்டாள், ஸ்டான்லியோடு.

ஸ்டான்லி வடசேரியில் மைக்செட் கடை வைத்திருந்தான், கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் குழாய் கட்டுவான், நல்ல பயல், இதை நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், அவன் வேறு சாதி, வேறு வேதம் என்பதெல்லாம் அவன் என் வீட்டுப் படியேறாத வரைக்கும் எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. விடிந்து பார்த்தால் பகவதியின் படுக்கை மடித்து வைத்தபடி இருந்தது. என் மனைவி நீலம்மை அடுப்படியில் உட்கார்ந்தவள் எழவே இல்லை, தெருவில் ஒவ்வொரு வாசலிலும் தலைகள், அவற்றை விலக்கிக்கொண்டு சுயம்பு வந்தான், நீலம்மையின் ஒரே தம்பி, பூதப்பாண்டிப் பக்கம் வாழை போட்டிருக்கிறவன், தாய்மாமன் முறைக்குப் பகவதியை மடியில் உட்காரவைத்துக் காது குத்தியவன், பிள்ளை அழுதபோது அவளைவிட அதிகமாக அழுதவன். வரும்போதே விஷயத்தோடு வந்தான். பகவதியின் சிநேகிதி ஒருத்தியை மிரட்டிக் கேட்டிருக்கிறான், நோட்டீஸ் எல்லாம் முன்னாலேயே கொடுத்தாயிற்றாம், மத்தியானம் திருவனந்தபுரத்து ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணமாம், அதுவரைக்கும் மியூசியம் வளாகத்தில் ஜனத்தோடு ஜனமாக நில்லுங்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம். வாங்க அத்தான் என்றான், தோளில் ஒரு ரெக்சின் பை. நானும் கிளம்பினேன், கோபத்தில்தான் கிளம்பினேன், அதை மறைக்க ஒன்றுமில்லை, நாலு அறை அறைந்து தரதரவென்று இழுத்துக்கொண்டு வரவேண்டும் என்றுதான் செருப்பை மாட்டினேன்.

வேறொருவன் ஓட்டுகிற பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து போவது எனக்கு எப்போதும் நரகம், கால் தானாகப் பிரேக்கைத் தேடும். களியக்காவிளையில் சுயம்பு பீடி வாங்க இறங்கினான், பிடிங்க என்று பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனான், துண்டு சுற்றி வைத்திருந்தான், ஆனாலும் துண்டுக்குள் என்ன என்று தொடைக்குத் தெரிந்தது, வாழைக்குலை வெட்டுகிற வெட்டுகத்தி, முனை வளைந்து, பிடி தேய்ந்து. என் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே, அந்த எல்லைச் சாவடியிலேயே இறங்கிப் போய்விட்டது. திரும்பி வந்தவனிடம் என்னடே இது என்றேன். சும்மா ஒரு பயங்காட்டலுக்கு அத்தான் என்றான், என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சொன்னான், அதுவே போதும். இறங்கிவிடலாம், பையை வெளியே எறிந்துவிடலாம், எல்லாம் தோன்றியது, ஆனால் நான் முரண்டு பிடித்தால் அவன் என்னை உதறிவிட்டுத் தனியாகப் போவான், அவன் கூப்பிட்டால் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் அடுத்த பஸ்ஸில் வருவார்கள், நான் பக்கத்தில் இருந்தால் ஒரு கையையாவது பிடிக்கலாம், கால் மறுபடியும் தரையில் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது, பாலராமபுரம், தம்பானூர், அப்புறம் நான் தாண்டியே இராத தம்பானூரைத் தாண்டி டவுன் பஸ்.

அந்த ஊர் அவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாது, அன்றைக்கு அதைப் பார்க்க நேர்ந்திருக்கவும் கூடாது. மேடும் பள்ளமுமாக ரோடு, இரண்டு பக்கமும் மரம், கேட்டுக்குள் நுழைந்தால் புல்வெளி சரிந்து சரிந்து இறங்குகிறது, நடுவில் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட பெரிய கட்டிடம், கூம்புக் கூரைகள், பாண்டு வாசிக்கிற மண்டபம், பெஞ்சுக்குப் பெஞ்சு ஆணும் பெண்ணும், ஒவ்வொரு ஜோடியின் முதுகைப் பார்க்கும்போதும் அவள்தான் என்று நின்றுவிடுவேன், திரும்பினால் யாரோ ஒரு மலையாளத்துப் பெண், அப்போதுதான் கால் நகரும். நான் சுற்றிப் பார்க்க வந்தவனாகிவிட்டேன், வேறு என்ன செய்ய, நேரத்தைக் கடத்தவேண்டும், மத்தியானம் வரைக்கும் இழுத்துவிட்டால் போதும், மிருகக்காட்சிசாலைக்கு டிக்கெட் எடுத்தேன், இங்கதான் இருப்பாவ, கூட்டம் இங்கதான் என்றேன், நீர்யானை வாயைத் திறக்கிற வரைக்கும் நின்றேன், மரத்தில் அடித்திருக்கிற பெயர்ப் பலகைகளை ஒன்றுவிடாமல் எழுத்துக்கூட்டினேன், ஒரு பாம்பின் முன்னால் அவ்வளவு நேரம் நின்றேன், அதற்கே அலுத்துத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அத்தான் நீங்க டூருக்கா வந்திய என்றான் சுயம்பு. பையை இப்போது தோளிலிருந்து எடுத்து நெஞ்சோடு பிடித்திருந்தான். அவள் சின்ன வயதில் கேட்டதெல்லாம் இதுதானே என்று எனக்கு அப்போது தோன்றியது, இந்தக் குரங்குக் கூண்டு, இந்த நிழல், ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டிருந்தால் முடிந்திருக்கும், அந்த நினைப்பு வந்ததும் கண் கலங்கிவிட்டது, அவனுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

சிவப்புக் கட்டிட வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான், பையை உள்ளே கொண்டுபோகக் கூடாதாம், அந்த மரத்தட்டில் வைத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். சுயம்பு பையை விடுவானா, நான் இங்கயே நிக்கேன், வாசல் ஒண்ணுதானே, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க என்றான். உள்ளே குளிர்ச்சி, அரை இருட்டு, மேலே வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் தூள் தூளாக விழுகிறது, தந்தச் சிற்பம், தேர்ச் சிற்பம், வரிசையாக வெண்கலச் சாமிகள், ஒவ்வொரு சாமிக்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு, இங்கே இருக்கக் கூடாது, இங்கே இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு சாமியிடமும் சொல்லிக்கொண்டே நடக்கிறேன், கடைசிக் கூண்டுக்குப் பின்னால் அவள் இருக்கிறாள். அந்த நீலச் சுடிதார் தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது. அவள்தான் முதலில் பேசினாள், குரல் உயரவே இல்லை, அப்பா, வெட்டணும்னா என்னய வெட்டுங்க, அவிய மேல கை வைக்காதிய. என் கையில் ஒன்றும் இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகும் சொன்னாள். நான் பெற்ற பிள்ளை, என் வாசனையில் தூங்கிய பிள்ளை. எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, வாயில் வந்தது இதுதான், மாமன் வாசல்ல நிக்கான் மக்ளே, நான் அவனக் கூட்டிட்டுப் போற வர வெளிய வராதிய. அவள் நம்பவில்லை. எங்கள உள்ள நிறுத்திட்டு ஆள் சேக்கப் போறியளா என்று கேட்டாள். ஸ்டான்லி ஏதோ சொல்ல முன்னால் வந்தான், அவனை மறுபடியும் பின்னே தள்ளினாள். அவள் நம்புகிறமாதிரி ஒரு வார்த்தை எனக்கு அந்த நேரத்தில் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை.

வெளியே வந்து, ஒரு பயலும் இல்ல, பழைய சாமிதான் நிக்கி, வா கடற்கரைப் பக்கம் பாக்கலாம் என்றேன். சுயம்பு அசையவில்லை. உங்களுக்கு ஏன் அத்தான் இப்பிடி வேர்க்கி என்றான்.  பிறகு பையை என் நெஞ்சில் வைத்து அழுத்தினான், இதப் பிடிச்சிட்டு நில்லுங்க, நான் ஒரு நட உள்ள போய் வாறேன் என்று சொல்லிப் படியேறிவிட்டான். அவனுக்குக் கத்தி வேண்டியதில்லை, அவளைப் பார்த்துவிட்டால் வெளியே இழுத்து வருவான், வெளியே நான் பையோடு நிற்கிறேன். ஓடிப்போய்ப் பையை எங்காவது போட்டால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு வேறு கத்தியோடு வருவான். கேட்டுப் பக்கம் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார், வயசாளி, நான் அவரிடம் எப்படிப் போனேன் என்று ஞாபகமில்லை, ஓடினேனா, நடந்தேனா, கனவில் என்றால் கால் நகரவே நகராது, அவர் எந்தா அண்ணாச்சி என்றார், நான் பையை அவர் காலடியில் வைத்தேன். இது என் கத்தி, என் மகளை வெட்ட வந்தேன், என் மச்சினன் உள்ளே அவளைப் பிடிக்கப் போயிருக்கான் என்றேன். பை அவனுடையது என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் யார் என்ன என்று விசாரிப்பார், அதற்குள் அவன் அவளைத் தொட்டுவிடுவான், என்னுடையது என்றதும் கேள்வியே இல்லை, என் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு விசில் ஊதினார், இரண்டு பேர் உள்ளே ஓடினார்கள்.

சுயம்புவைக் கொண்டுவந்தார்கள், பின்னாலேயே பகவதியும் ஸ்டான்லியும். கூட்டம் கூடிவிட்டது, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள், ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு நாங்களும் ஒரு காட்சி. துண்டைப் பிரித்துக் கத்தியைப் புல்லில் வைத்து, யாருடையது என்று மறுபடியும் கேட்டார் போலீஸ்காரர். சுயம்பு முந்திக்கொண்டான், அத்தானுக்க கத்தி சார், நான் தடுக்கத்தான் கூட வந்தேன் என்றான், அழுதுகொண்டே சொன்னான், பாதி அவனுக்கே உண்மையாகப் பட்டிருக்கும். பகவதி என்னைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அங்கே வாக்குவாதம் வந்திருக்கும், மத்தியானம் போயிருக்கும், ஆமா, எனக்குள்ளதுதான் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கே போலீஸ் துணையோடு அவர்கள் கல்யாணம் முடிந்தது, கேஸ் வேண்டாம் என்று அவளே எழுதிக் கொடுத்ததால் நான் வீட்டுக்கு வந்தேன், சஸ்பெண்டு ஆகி, பிறகு மறுபடியும் அதே வண்டி, அதே வழித்தடம்.

சுயம்பு இப்போது திருவனந்தபுரத்தில் அவள் வீட்டுக்குப் போகிறான், வருகிறான், தன் தோட்டத்து மட்டி வாழைக்குலையைச் சுமந்துகொண்டு போகிறான். அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது, அதனால் அவள் பையனுக்குக் காது குத்தும்போதும் மடியில் உட்காரவைத்தவன் அவன்தான், அன்றைக்கு மாமா மட்டும் அப்பாகூட வராட்டா என்று பகவதி சொன்னாளாம், நீலம்மை வந்து சொன்னாள், நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன். எரிச்சல் வராமலா, அவன் குரல்வளையைப் பிடிக்கவேண்டும் என்று தோன்றாமலா. ஆனால் அவன் மாறிவிட்டான், அது பொய்யில்லை, அந்தப் பையனைத் தூக்கினால் இறக்க மனசு வராமல் நிற்கிறானாம், நான் வாயைத் திறந்தால் நீலம்மைக்குத் தம்பி இல்லாமல் போவான், பகவதி மறுபடியும் கதவைத் தாழ்போட்டுப் படுக்கவேண்டும். அவள் பயப்படுவதற்கு ஒரு ஆள் போதும், அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைப்பேன், வண்டி ஓட்டும்போது அப்படித்தான் நினைப்பேன், படுத்தால் அப்படி நினைக்க முடிவதில்லை, படுத்தால் அந்த அரை இருட்டும் வெண்கலமும் வந்துவிடும், மக்ளே மக்ளே என்பேன், நீலம்மை உலுக்கி எழுப்புவாள், எதற்கு என்று கேட்கமாட்டாள்.

பேரனைப் பார்க்க நீலம்மை என் வண்டியிலேயே வருவாள், தம்பானூரில் இறங்கிப் போவாள், நான் இறங்கமாட்டேன். இன்றைக்கு மழை தூறியது, வண்டியைத் திருப்பி நிறுத்தியிருக்கிறேன், நீலம்மை பின்வழியாக இறங்குகிறாள், மாமியாரைக் கூப்பிட எப்போதும் ஸ்டான்லிதான் வருவான், இன்றைக்கு வண்டிக்கு நேர் முன்னால் பகவதி நிற்கிறாள், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், குடையைச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள், பக்கத்தில் பையன், அண்ணாந்து வண்டியைப் பார்க்கிறான், வைப்பர் ஒருதரம் போய்த் திரும்புகிறது, கண்ணாடி தெளிகிறது, அவள் என்னைப் பார்த்துவிட்டாள். குடை பிடிக்காத கையால் பையனைத் தன் முதுகுக்குப் பின்னே தள்ளுகிறாள். அவன் சின்னவன், முழுசாக மறைந்துவிட்டான். அவள் பார்வை என் முகத்தில் நிற்கவில்லை, கீழே இறங்கி ஸ்டியரிங்கில் வந்து நிற்கிறது. நான் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தேன், விரல்களை விரித்து முன்கண்ணாடியில் வைத்தேன், அவளுக்கு நன்றாகத் தெரிகிறமாதிரி. கண்டக்டர் இரட்டை விசில் கொடுத்தான், மறுபடியும் கொடுத்தான், அண்ணாச்சி போலாம் என்று பின்னாலிருந்து சத்தம் போட்டான், நான் கைகளை எடுக்கவில்லை.